ஐந்தாவது கண்ணாடி

கண்ணாடியில் எழுதியிருந்த தேதி சரிதான். எழுதிய கைதான் அவளுடையது இல்லை.

கூரையிலிருந்து கட்டில்வரை இறங்கிய விரிசலின் குறுக்கே, விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றைத் தெருச் சங்கம் ஒட்டி வைத்திருந்தது. நூறு வருடத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அந்த வீட்டை இடித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுவார்கள். இவளுடையது நான்கு முறை உடைந்தது. நான்கு முறையும் காதும் காதும் வைத்தாற்போல் புதுத் துண்டு ஒட்டி, பழைய தேதியை எழுதினாள். புருஷன் போன பிறகு, ஐந்து வயது மகளோடு ஒதுங்க வேறு கூரை ஏது?

இது ஐந்தாவது புதுத் துண்டு. அவள் ஒட்டாதது. மை, சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. ஓரத்துச் சாந்து இன்னும் ஈரம். அதில் விரல் தடங்கள், உள்ளிருந்து அழுத்தியவை.

"என்னம்மா, வாசல்லயே நிக்க வச்சிட்டே?"

சங்கத்தின் ஓய்வுபெற்ற இன்ஜினியர். எதைக் கண்டாலும் அளப்பதால் தெருவுக்கே அவர் 'டேப் மாமா'. உள்ளே வந்து, குனிந்து, கண்ணாடியை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல. என் முட்டியவிட உன் சுவரு உறுதியா இருக்கு!" சிரித்தபடி சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். "சோதனையில கடைசி வீடு உன்னுதுதான். இனி எவனும் இதுல கை வைக்க முடியாது."

"மாமா..."

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

அவர் போனதும் கதவைத் தாழிட்டாள். எதிர்வீட்டில் பழைய சாயம் சுரண்டும் ஓசை நின்றதும், நடுப்பகல் வெளிச்சத்திலும் அறை மங்கி, ஈரச் சுண்ணாம்பு வாடையோடு விரிசலிலிருந்து குளிர்ந்த காற்று, யாரோ மூச்சு விடுவதுபோல், விட்டு விட்டு வந்தது.

"பாப்பா?"

கட்டிலடியில் இல்லை. குளியலறையில் இல்லை. பின்கதவு உள்தாழ் போட்டபடியே.

"பாப்பா, விளையாடாதடி. அம்மாவுக்குப் பயமா இருக்கு."

"இங்கதாம்மா இருக்கேன்."

சுவருக்குள்ளிருந்து.

சுத்தியலை எடுத்தாள். கண்ணாடி சிதறியது; விரிசல் கை நுழையுமளவு திறந்தது. ஒரு சாண் உள்ளே இன்னொரு கண்ணாடி. அதே தேதி. உடைத்தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. உடைத்தாள். முழங்கை உள்ளே போனது. தோள்வரை போனது. சுவரின் கனம் ஒரு முழம்தான். கை இந்நேரம் பக்கத்து வீட்டில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"மாமா! இடிங்க! இந்த வீட்ட இடிச்சிடுங்க!"

தெருவில் கைதட்டல். கடைசி வீடும் தப்பியதென்று டேப் மாமா அறிவித்துக்கொண்டிருந்தார்.

டார்ச் அடித்தாள்.

வெகு ஆழத்தில் ஒரு கண்ணாடி. அதன் பின்னால் பாப்பா. சாந்து தடவி, ஓரம் அழுத்தி, அம்மா செய்வதைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு அதை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தேதியை எழுத, அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தது இன்னொரு கை.