நடு சீட்டு காலி

பின் சீட்டு ஈரமாக இருந்தது.

லிசாந்த்ரோ விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மழைத்தண்ணீரும் செம்மண்ணும் யூகலிப்டஸ் இலையும் கலந்த வாடை. மேசைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கணப்பு மத்தியானத்திலிருந்து உர்ரென்று எரிந்துகொண்டிருந்தது, கூரை எங்கும் ஒழுகவில்லை, இந்தச் சாண் நீளக் காரும் மூன்று வாரமாக மேசையை விட்டு நகரவில்லை. அப்புறம் இத்தனூண்டு சீட்டில் ஈரம் எங்கிருந்து வந்து தொலைக்கும்? நாம்தான் தேநீரைச் சிந்தியிருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டு பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

காரை வாங்கிக் கொடுத்தவள் மகள் யஸ்னா. கன்செப்சியோனில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்து, தினமும் மலைப்பாதையில் ஷேர் டாக்சியில் போய்வர ஆரம்பித்ததிலிருந்து அப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி போன பிறகு அவருக்கென்று மிச்சம் அவள் ஒருத்திதான்.

"நீ பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போன் பண்ணினா டாக்சில இருக்கிறவங்க சிரிக்கிறாங்கப்பா. மானம் போகுது. இந்தா, இதை நோண்டிக்கிட்டுப் பேசாம உட்காரு" என்று, ஞாயிற்றுச் சந்தையில் எவனோ தரையில் பரப்பி விற்ற உடைசலைக் கையில் திணித்தாள்.

பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் காரை யாரோ கைபழகாதவர் எப்போதோ ஒட்டியிருந்தார். பசை வழிந்து காய்ந்திருந்தது. கருப்புப் பெயின்ட் அப்பிக் கிடந்தது. கூரைமேல் தகரத்தில் வெட்டிய வழிப்பலகை, ஷேர் டாக்சிக்கு இருப்பது போலவே. முன்மூக்கு சப்பளிந்து, அச்சு முறிந்திருந்தது. உள்ளே மெழுகில் பிடித்த ஆட்கள்: ஓட்டுநர், அவர் பக்கத்தில் ஒருவர், பின்னால் ஜன்னலோரத்தில் பக்கத்துக்கு ஒருவர். நடு சீட்டு மட்டும் காலி. ஆட்களைப் பெயர்க்கப் பார்த்தார், வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் அவர் பாடு கொண்டாட்டம்தான். பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறப்போட்டுப் பெயின்டை உரித்தார். மூக்குக்குப் பட்டி வைத்து, காயவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி வைத்து, பழுது இருந்த இடமே தெரியாதபடி ஆக்கினார். மிட்டாய் டப்பாவின் தெளிந்த பிளாஸ்டிக் மூடியை வெட்டிக் கண்ணாடி போட்டார். நேற்று புதுக் கருப்புப் பெயின்ட். நெஞ்சுப் படபடப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. சில சாயங்காலம் மகளுக்குப் போன் செய்யக்கூட மறந்துபோனார்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே கொட்டிய மழைக்குள் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார் பக்கத்து வீட்டுத் துலியோ. அதே மலைப்பாதையில் டாக்சி ஓட்டுகிறவர். வண்டி பட்டறையில் கிடந்ததால் இந்த வாரம் வீட்டில் இருந்தார்.

"என்னண்ணே, பொம்மை வச்சு விளையாடுற வயசா இது?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"யஸ்னா சந்தையில வாங்கினா. ஏன்?"

"இது எங்ககூட டாக்சி ஓட்டின எவரிஸ்தோவோட வண்டிண்ணே. கழுதை வளைவுல அவனுக்குக் கட்டியிருக்கிற அனிமீத்தாவுல, செத்த இடத்துல நினைவுக்குக் கட்டுற அந்தக் குட்டி வீட்டுக்குள்ள, அவன் தங்கச்சி வச்சது. செத்தவனுக்குப் பாதையோரம் வச்சதை எந்தப் பாவி எடுத்து வித்தான்?"

லிசாந்த்ரோவுக்குச் சுருக்கென்றது. "உடைஞ்சுல்ல இருந்துச்சு?"

"அவளேதான் சுத்தியலால மூக்கை நசுக்கினா. நாங்க நாலு சீட்டும் நிரம்பாம வண்டி எடுக்க மாட்டோம், உங்களுக்கே தெரியும். எவரிஸ்தோ அதுல ரொம்பக் கறார். அன்னைக்கு ஏறின மூணு பேரும் லேட்டாகுது லேட்டாகுதுன்னு பிடுங்கி எடுத்ததுல நடு சீட்டைக் காலியா விட்டுட்டே கிளம்பிட்டான். வளைவுல போச்சு, நாலு பேரும். அப்புறம் தங்கச்சி கனவுல தினமும் வந்து, ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள் குறையுதுன்னு நின்னானாம். வண்டி ஓடினாத்தானே ஆள் ஏத்துவான்னு உடைச்சு வச்சுட்டா." துலியோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "இப்பவே மூக்கை உடைங்க. காலையில நானே கொண்டுபோய் வச்சிடறேன்."

"சரி, உடைச்சிடறேன்" என்றார் லிசாந்த்ரோ.

துலியோ போன பிறகு சுத்தியலை எடுத்தும் வந்தார். கை ஓங்கவில்லை. மூன்று வாரத்து உழைப்பு, விளக்கில் கருங்குளமாக மின்னியது. காலையில் பார்த்துக்கொள்வோம், ராத்திரியோடு ராத்திரியாக என்ன முழுகிவிடப்போகிறது?

கணப்பு உர்ரென்றது. மழை தகரக் கூரையில் கொட்டியது. அதற்குள் இன்னொரு சத்தம், மெலிதாக, சீராக, எங்கோ தொலைவில் ஒரு பழைய என்ஜின் நின்றபடியே ஓடுவது போல. ஜன்னலைத் திறந்து பார்த்தார். தெருவில் வண்டி எதுவும் இல்லை. ஜன்னலைச் சாத்தினார். சத்தம் அறைக்குள் இருந்தது.

போன் அடித்தது.

"அப்பா, இன்னைக்கு நீ கூப்பிடவே இல்லையே, தேறிட்டே!" யஸ்னா. "ஸ்டாண்டுல ஒரே கூட்டம், வண்டியே இல்லை. நல்லவேளை, ஓரமா ஒரு பழைய டாக்சி நின்னுச்சு. ஒரு ஆள்தான் குறையுதுன்னாரு. ஏறின உடனே எடுத்துட்டாரு."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எங்கேம்மா உட்கார்ந்திருக்கே?"

"பின்னாடி, நடுவுல. ரெண்டு பக்கமும் இருக்கிறவங்க நல்ல தூக்கம். எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருக்காங்கப்பா, என் கோட்டும் ஈரமாயிடுச்சு."

"இறங்கிடு. யஸ்னா, இப்பவே இறங்கு!"

"மலைமேல, இந்த மழையில இறங்கி என்ன பண்ண? ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்? ரொட்டியை வாட்டி வை, வந்து..." கரகரவென்று இரைந்தது. அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டார். மணி போகவில்லை. மறுபடி. இல்லை.

மேசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

கண்ணாடிகள் பனித்திருந்தன. உள்பக்கமாக. முன் சக்கரங்கள், அவரே நேராக ஒட்டிய சக்கரங்கள், மெல்ல இடப்பக்கம் திரும்பின. நேராகிவிட்டன என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி திரும்பின. பின் கண்ணாடியின் பனிக்குப் பின்னால் மூன்று தலைகள்.

சுத்தியலைத் தூக்கினார்.

உடைக்க வேண்டும். உடைத்தால் வண்டி நிற்கும்.

உடைத்தால்... உள்ளே யார் இருக்கிறார்கள்?

சுத்தியல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எவரிஸ்தோ என்று கூப்பிட்டார். ஐயா என்றார். அவளுக்கு இருபத்தாறு வயசு, எனக்கு வேறு நாதி இல்லை, உனக்கு ஆள்தானே வேண்டும், என்னை ஏற்றிக்கொள் என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். என்ஜின் சத்தம் ஏற்றம் முடிந்து இறக்கத்தில் போகிற சத்தமாக மாறியது. வேகம் பிடித்தது.

இரண்டு கையாலும் காரை இறுகப் பிடித்தார். ஐஸ் போலச் சில்லென்றிருந்தது. விரலிடுக்கில் செம்மண் தண்ணீர் வழிந்தது. பின் கண்ணாடியின் பனியை உள்ளேயிருந்து ஏதோ துடைத்தது. எள்ளளவு கை. திரும்பத் திரும்ப.

பட்டி வைத்து, தேய்த்து, பழுதே தெரியாமல் அவர் சரிசெய்த அந்த மூக்கின்மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, அது நசுங்கிவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

விரலுக்கு அடியில், மயிரிழையாய், விரிசல் ஓட ஆரம்பித்தது.