ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு குச்சி

காளப்பநாயக்கன்பட்டிக்கு அப்பால், மலையடிவாரத்துத் தகரக் கொட்டகைக்கு சிராஜுதீன் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. மெக்கானிக் என்று பெயர்தான். உலகச் சண்டையில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததிலிருந்து அவன் கழற்றியதெல்லாம் தையல் மிஷின்கள். அதிலும் பாதி திரும்ப மாட்டப்படவில்லை.

கொட்டகைக்குள் காப்பித் தோட்டத்துத் துரையின் கார் வருஷக்கணக்கில் கிடந்தது. மலைமேல் ரோடு கிடையாது. துரை நடந்து ஏறிப்போனால், டிரைவர் காளியண்ணன் சுருட்டும் கையுமாகக் காரிலேயே காத்திருப்பார். அப்படிக் காத்திருந்த ஒரு மழைநாளில், குளிர்காய்ச்சலில், ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

இப்போது துரை சாவியும் ஒரு டின் பெட்ரோலும் கொடுத்தனுப்பியிருந்தார். மலைமேல் எடப்புளி நாட்டிலிருந்து பொன்னாயியை டோலியில் தூக்கி வந்திருந்தார்கள். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும். டோலிக்காரர்கள் அவளைப் பின்சீட்டில் கிடத்திய கையோடு, திரும்பிப் பாராமல் போய்விட்டார்கள். புருஷன் ராசு மட்டும் நின்றான்.

சிராஜுதீன் கெட்டுப்போன பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினான். பிளக்குகளைத் தேய்த்தான். காரின் முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றினான். எஞ்சின் பிடித்தது, உதறியது, இருமியது, அணைந்தது. மறுபடியும் அதே கதை.

கோளாறு புரிந்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே, எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் குச்சி ஒன்று உண்டு. கிளப்பும்போது மேலே இருக்க வேண்டும். பிடித்ததும் மெல்லக் கீழே இறக்க வேண்டும். முன்னால் சுற்றுகிறவன் ஓடி வருவதற்குள், கிடந்து நலிந்த எஞ்சின் செத்துவிடுகிறது. இரண்டு ஆள் வேலை.

ராசுவை உட்கார வைத்தான். அவன் பதற்றத்தில் முன்கூட்டியே இறக்கிவிட, ஹேண்டில் திருப்பி அடித்து சிராஜுதீனின் மணிக்கட்டு வீங்கியது.

"நீ பின்னால போயி பொண்டாட்டியப் புடிச்சுக்க, கண்ணு. எனக்கு மிச்சமிருக்கறது ஒரு கைதான்."

கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் பொன்னாயியின் முனகல் நின்றுபோனது.

"பாயி," என்றான் ராசு. "சத்தத்தையே காணோமுங்க."

சிராஜுதீன் காலி டிரைவர் சீட்டைப் பார்த்தான். உயிரோடிருந்தவரை காளியண்ணன் அவனை அந்தக் குச்சியைத் தொடவிட்டதில்லை. இவன் தொட்டால் ஆட்டுக்கல்கூட ரிப்பேராகிவிடும் என்பார்.

"அண்ணா," என்று முணுமுணுத்தான். "என்னை அப்புறமாத் திட்டிக்குங்க. இந்தப் புள்ள பாவமுங்க."

சுற்றினான்.

எஞ்சின் பிடித்தது. உதறியது.

சுருட்டு வாசனை வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத சீட்டுக்கு முன்னால், குச்சி இறங்கியது.

மெல்ல. பக்குவமாக.

இருமல் நின்று எஞ்சின் சீராக ஓடியது.

ஓடிவிடத்தான் சிராஜுதீனுக்குத் தோன்றியது. ஆனாலும் கதவைத் திறந்து, சீட்டின் ஓரத்தில், இன்னொருவருக்கு இடம் விட்டு ஒண்டிக்கொண்டு நாமக்கல்வரை ஓட்டினான்.

பிள்ளை அழும் சத்தம் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காருக்குத் திரும்பினான். எஞ்சினை அணைத்துவிட்டு, அலுப்பில் குச்சியை மேலே தள்ளாமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. காளியண்ணன் பார்த்தால் காதைத் திருகியிருப்பார்.

கதவைத் திறந்தான்.

குச்சி மேலே இருந்தது.

சீட்டைத் தொட்டுப் பார்த்தான். அவன் ஒண்டியிருந்த ஓரம் ஆறிக் கிடந்தது. நடுவில் சூடு இருந்தது.