ஏழாம் நம்பர் பாட்டில்

போன் அடித்தது.

மண் டாக்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு எடுத்தாள்.

"மேடம், பேட்டரி ஃபேக்டரி வாட்ச்மேன் பேசறேன்..."

"ம்ம்."

"உங்க ஜீப் டிரைவர் குழிக்குள்ள கிடக்கார்."

"எந்தக் குழி?"

"நேத்து நீங்க மண்ணெடுக்கத் தோண்டினீங்களே, அந்தக் குழிதான். தலைகுப்புறக் கிடக்கார். கூப்பிட்டுப் பார்த்துட்டேன்... அசையலை."

நுரையை விழுங்கிவிட்டாள்!

மண் டாக்டர் என்றதும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடாதீர்கள். அவள் இன்ஜினியர். விஷம் ஏறிய நிலங்களைச் சோதித்து, எப்படிச் சுத்தம் செய்வது, சுத்தம் செய்தபின் மேலே என்ன கட்டலாம் என்று அதிகாரிகளுக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கும் யோசனை சொல்லும் உதவி மையத்தில் வேலை. நிலத்துக்கு நாடி பிடிப்பவள் என்பதால் இந்தப் பட்டம்.

இப்போது அவளிடம் வந்திருக்கும் நோயாளி, பல வருடங்களாக மூடிக் கிடக்கும் அந்த பேட்டரி ஃபேக்டரி.

அதன் மதிலை ஒட்டிய தெருவில்தான் அக்கா வீடு. அக்கா மகள் பாப்பாவுக்கு ஐந்து வயது. அடிக்கடி வயிற்று வலி. படித்தது மனதில் நிற்பதில்லை. சோதித்தபோது ரத்தத்தில் ஈயம்!

'முதல்ல அந்த வீட்டைக் காலி பண்ணுங்க' என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். காலி செய்து எங்கே போவது? அத்தான் லாரியோடு மாதக்கணக்கில் வெளியூர். அக்காவுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மாடி முதலாளி என்று எல்லாரும் அழைக்கும் பில்டர் அந்த ஃபேக்டரி நிலத்தை எடுத்துச் சுத்தம் செய்து, அடுக்குமாடி கட்டி, தெருக்காரர்களுக்கு முதலில் வீடு தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தார். மண்ணில் ஈயம் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் திட்டம் நடக்கும். அளவு மீறினால் அவர் விலகிக்கொள்ளலாம்.

ஆகவே எல்லாம் மண் டாக்டர் எடுத்த மண்ணின் கையில்.

* * *

குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

டிரைவரை எல்லாரும் ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். குழிக்குள் நட்டிருந்த இரும்புக் குழாயில் அவன் நெற்றி மோதியிருந்தது. மண் டாக்டர் எட்டிப் பார்த்தாள். அழுதாள். இத்தனை வருடம் எந்தக் குப்பை மேட்டுக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்த மனுஷன்.

"கால் தவறி விழுந்திருப்பாரோ?" என்றாள்.

"விழறவன் கையை ஊன்றுவான்மா," என்றார் இன்ஸ்பெக்டர். மீசையைவிடப் பெரிய தொப்பை அவருக்கு. "இவன் உள்ளங்கையில ஒரு கீறல் இல்லை. யாரோ முதுகுல கைவெச்சுத் தள்ளியிருக்காங்க... இவன் விடியக்காலையில இங்க எதுக்கு வந்தான்?"

"சாம்பிள் பெட்டியை லேபுக்கு எடுத்துட்டுப் போக."

"பெட்டி எங்கே இருந்துச்சு?"

"அதோ, அக்கா வீட்ல. நேத்து மண்ணெடுத்து முடிச்சதும் அங்கதான் உக்காந்து பாட்டிலுக்கெல்லாம் லேபிள் ஒட்டினேன். ராத்திரி அங்கேயே ஐஸ் போட்டு வெச்சுட்டு வந்துட்டேன்."

"இப்ப ஜீப் பின்சீட்ல இருக்கே..."

"அப்படின்னா டிரைவர் அண்ணன் ஜீப்ல ஏத்திட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கணும்."

அக்கா மதிலோரமாக நின்றிருந்தாள். இடுப்பில் பாப்பா. முகம் வெளுத்திருந்தது.

"பெட்டியை அவர் எடுத்துட்டுப் போனப்ப மணி என்னம்மா இருக்கும்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வாசல்ல வெச்சிருந்தேங்க. எப்ப வந்து எடுத்தார்னு தெரியலை. பாப்பாவுக்கு ராத்திரி பூரா வயித்து வலி... கண் அசந்துட்டேன்."

பெட்டி அன்றைக்கே போலீஸ் காவலோடு லேபுக்குப் போனது. மாடி முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"நான் எதுக்கு சார் கொல்லணும்?" என்றார் அவர். உட்கார்ந்த நாற்காலி அழுதது.

"மண் சுத்தம்னு ரிப்போர்ட் வந்தா யாருக்கு லாபம்?"

"எனக்கு."

"பாட்டில்ல கைவெக்கப் போய், டிரைவர் பார்த்துட்டா?"

"சார், நான் மாடி கட்டறவன். குழியில எனக்கென்ன வேலை?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் வந்து பேசுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

* * *

லேபிலிருந்து ரிப்போர்ட் வந்த மறுநாள் பிற்பகலில் இன்ஸ்பெக்டர் உதவி மையத்துக்கே வந்துவிட்டார். மண் டாக்டரின் மேஜை முழுக்கக் குழாய்களும் காய்ந்த மண்ணும். தொப்பி வைக்க இடம் தேடி, கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னம்மா சொல்லுது உங்க மண்ணு?"

"படுமோசம். அளவைத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு."

"அப்ப மாடி முதலாளி நிரபராதி. தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்க மாட்டார் இல்லையா? காலையிலேயே ஒப்பந்தம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார். வேற ஊர்ல நிலம் பார்க்கக் கிளம்பிட்டாராம்."

அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். பாப்பா இனி எங்கே போவாள்?

பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"சார்... ஆனா இது அந்த நிலத்து மண்ணே இல்லை."

"என்னது?"

"ஒரு நிலத்துல பத்து இடம் தோண்டினா பத்து அளவு வரும். ஆசிட் கொட்டின மூலையில ஒண்ணு, ஆபீஸ் இருந்த இடத்துல ஒண்ணு. இங்க எல்லா பாட்டில்லயும் ஒரே அளவு. யாரோ மண்ணைக் கொட்டிட்டு, ஒரே இடத்து மண்ணை அள்ளி எல்லாத்துலயும் போட்டிருக்காங்க."

"எல்லாத்துலயுமா?"

"ஏழாம் நம்பரைத் தவிர."

"அதுக்கு மட்டும் என்ன மாமியார் வீட்டு மரியாதை?"

"அது நிலத்துல எடுத்ததே இல்லை சார். ஈயம் இவ்வளவுன்னு அளந்து கலந்து, கடையில விக்கிற மண். லேப் ஒழுங்கா வேலை பார்க்குதா, தூங்குதான்னு தெரிஞ்சுக்க, மத்த பாட்டில்களோட சேர்த்து ஒண்ணு அனுப்புவோம். பார்க்க வித்தியாசமே தெரியாது. அது மட்டும் சரியான அளவு காட்டியிருக்கு. அதை மட்டும் யாரும் தொடலை."

"அதாவது, ஏழு எதுன்னு தெரிஞ்ச ஆள் மாத்தியிருக்கான்."

"ஆமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

சொன்னபிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது புரிந்தது!

இன்ஸ்பெக்டர் சாவதானமாகத் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"நிலம் கெட்டுக் கிடந்தாத்தானேம்மா உங்க ஆபீசுக்கு வேலை?"

"சார், என் அக்கா குழந்தை அந்தத் தெருவுல..."

"தெரியும். அதனாலதான் இன்னும் உக்காந்து பேசிட்டிருக்கேன். பாட்டில்ல யாராவது கைவெச்சிருப்பாங்கன்னு நான் சந்தேகப்பட்டதால, குழியெல்லாம் மறுபடி தோண்டி என் ஆளுங்க முன்னாடி மண்ணெடுத்தீங்களே, அந்த ரிசல்ட் எப்ப?"

"இன்னிக்கு சாயந்திரம் சொல்றேன்னாங்க."

மேஜையில் போன் அடித்தது. லேப் பெண்.

"மேடம், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த முதல் பெட்டி மண்ணைச் சலிச்சப்ப ஏழாம் நம்பரைத் தவிர எல்லாத்துலயும் முட்டை ஓடு கிடந்துச்சு. பொடிப்பொடியா நொறுக்கினது. கூடவே டீத்தூள்... காய்ஞ்ச டீத்தூள். ஃபேக்டரியில கோழி வளர்த்தாங்களா என்ன?"

மண் டாக்டர் போனை வைத்தாள்.

முட்டை ஓட்டை நொறுக்கி, வடிகட்டிய டீத்தூளோடு கலந்து, தக்காளிச் செடிக்குப் போடுகிற ஒரு கையை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்ட கை அது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னது. 'அக்கா, இந்த ஏழாம் நம்பர் நிலத்து மண் இல்லை, லேபைச் சோதிக்கக் கடையில வாங்கின ஈய மண். பாப்பா கைக்கு எட்டாம வை.'

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்டியரிங்கின் நெற்றி கண்முன் வந்தது. எழுந்துவிட்டாள்.

"வாங்க சார்," என்றாள்.

* * *

அக்கா கொல்லைப்புறத்தில் இருந்தாள். தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாப்பா மண்ணில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இது உன் ரூம்," என்றாள் பாப்பா.

மண் டாக்டர் அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டாள். குழந்தையின் விரல்களைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா... பாட்டில்ல இந்தத் தோட்டத்து மண்ணையா போட்டே?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"வேற என்னடி செய்யச் சொல்றே? ரிப்போர்ட் மோசமா வந்தா பில்டர் போயிடுவார்னு நீதானே சொன்னே. இவளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? நல்ல மண்ணா போட்டா வீடு வந்துடும்னு நினைச்சேன். இதைவிட நல்ல மண்ணு எங்க இருக்கு? செடி எப்படிக் காய்க்குது பாரு."

"டிரைவர் அண்ணனை..."

"பாட்டில்ல இருந்த மண்ணைத் திரும்பக் குழியிலேயே கொட்டப் போனேன். பெட்டி எடுக்க வந்தவர் என்னைத் தேடிக்கிட்டு அங்கேயே வந்துட்டார். 'என்னம்மா காரியம் இது, மேடத்துகிட்ட சொல்லிடறேன்'னு போனை எடுத்தார். கெஞ்சினேன். திரும்பி நின்னு நம்பரைத் தட்டினார்... தள்ளிட்டேன். குழாய் இருந்தது எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது."

"பெட்டியை ஜீப்ல வெச்சது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான்."

பாப்பா சித்தியின் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அப்படிப் பார்க்கறே?" என்றாள் அக்கா. "நான் செஞ்சது தப்பு, ஜெயிலுக்குப் போறேன். ரிப்போர்ட்டாவது நல்லா வந்துச்சா?"

லேப் ரிப்போர்ட்டைப் பில்டரைத் தவிர யாருக்கும் சொல்லாமல் போலீஸ் ரகசியமாக வைத்திருந்தது. பில்டர் ஓடிப்போனது தெருவுக்கு இன்னும் தெரியாது.

"மோசமா வந்துச்சுக்கா."

"எப்படி? நான்தான் மாத்திட்டேனே?"

"மாத்தினதாலதான். இந்தத் தோட்டம் முழுக்க ஈயம். தக்காளியில ஈயம். இவ கட்டற வீட்ல ஈயம்."

"ஃபேக்டரி மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு?"

"ஃபேக்டரி நடந்தப்ப கழிவை எங்க கொட்டினாங்கன்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. மதிலுக்குள்ள மட்டும் தோண்டச் சொல்லி உத்தரவு, மதிலுக்குள்ள மட்டும் தோண்டினேன். இப்பதான் புரியுது, பள்ளமா இருந்த இந்த இடத்தைக் கழிவைப் போட்டு மேடாக்கி, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவி, தொழிலாளிகளுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்காங்க. அதான் நம்ம தெரு."

அக்கா செடிகளைப் பார்த்தாள். ஒன்றைப் பிடுங்கினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். காயும் பூவுமாய்ப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். பிறகு கை ஓய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது!

மண் டாக்டர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், புது சாம்பிள் ரிசல்ட் வந்தாச்சு," என்றாள் லேப் பெண். உற்சாகமாக இருந்தாள், பாவம். "நல்ல சேதி. ஃபேக்டரி நிலம் அவ்வளவு மோசமில்லை. ரெண்டு மூலையில மட்டும் மேல்மண்ணை வழிச்சு எடுத்தா போதும். தாராளமா வீடு கட்டலாம். உங்க பழைய பெட்டியை யாரும் தொடாம விட்டிருந்தா அன்னிக்கே பாஸ் ஆகியிருக்கும்."

போன் அணைந்தது.



"பில்டரைத் திரும்பக் கூப்பிட முடியாதா சார்?" என்று கேட்டாள் மண் டாக்டர். கேட்கும்போதே பதில் தெரிந்துதான் இருந்தது.

"கொலை விழுந்த நிலத்துல எவன்மா ஃப்ளாட் வாங்குவான்? மதியம் போன்ல அதையும் சொல்லிட்டுத்தான் கிளம்பினார்." இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. அவருக்கும் வீட்டில் ஒரு பேத்தி இருந்தாள். "இந்தத் தெருவைச் சுத்தம் பண்ண ஏதாவது வழி இருக்கா?"

"எழுதிப் போடலாம். இது எந்தத் திட்டத்துலயும் இல்லை. வரிசையில எங்களுக்கு முன்னாடி நிறைய நிலம் நிக்குது."

"அதுவரைக்கும்?"

அவள் பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். தன் ஒற்றை அறையில் இவளை வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் ஏறியதை என்ன செய்வது? தெருவில் இருக்கும் மற்றப் பிள்ளைகளை எந்த அறையில் வைப்பது?

வாசலில் நின்றிருந்த பெண் கான்ஸ்டபிள் வந்து அக்காவின் தோளைத் தொட்டாள். அக்கா எழுந்து, முந்தானையால் கைமண்ணைத் துடைத்தாள். பாப்பாவை முத்தமிடக் குனிந்தவள், தன் கைகளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"இவளை இந்த வீட்ல ஒரு ராத்திரி கூட விடாதடி."

"விடமாட்டேன்கா."

"சார்... என்னைக் கூட்டிட்டுப் போற இடம் எப்படி இருக்கும்?"

இன்ஸ்பெக்டர் போலீஸ் ஜீப் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. இந்த ஊர்லயே ஈயம் இல்லாத ஒரே இடம் அதுதான். தரை பூரா சிமெண்ட்."