முகம் காணாத சலாம்

அஸர் தொழுகைக்குப் பிறகு நஸ்லின் வந்து வீட்டைத் திறந்தாள். கல்முனைக்குடியில், கடற்கரை வீதிக்கு இரண்டு வளவு உள்ளே இருந்தது அந்த வீடு. வெயில் இன்னும் இறங்கவில்லை. புதுப் பெயின்ட் மணத்தது.

அடுத்த மாதம் மகள் அம்ஹாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வருவான். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயிடமிருந்து மகளுக்கு வரும். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை. அதற்கு இருந்த ஒரே இடம் பழைய நெல்லறை.

வீட்டைக் கட்டியவர் அச்சிமுகம்மது. நஸ்லினுடைய உம்மாவின் உம்மாவுக்கு வாப்பா. உலக யுத்தம் வரும்வரை அடுத்தவன் வயலில் கூலிக்கு நெல் வெட்டியவர். யப்பான்காரன் குண்டு போட்ட வருஷத்துக்குப் பிறகு நாவிதன்வெளியில் கண் எட்டும் தூரத்துக்கு வயல் வாங்கினார். அச்சிமுகம்மது போடியார் ஆனார். காசு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லாமல் மௌத்தானார்.

நஸ்லினுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. ஹராமான காசில் எழுந்த சுவர்களுக்குள் மகளை வைக்க மனம் வரவில்லை.

மருதமுனைக்குப் போய் உம்மாவின் தங்கை லைலா சாச்சியிடம் கேட்டாள்.

"ஏன்டி, போடியார்ர காசில படிச்சி டீச்சராகக்குள்ள கேக்கல்ல. இப்ப கேக்காய்?"

"சொல்லுங்க சாச்சி."

சாச்சி வாசலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்டு மட்டும் சொல்றன். அந்த ஊட்டுல முகம் காணாம ஆரும் சலாம் சொன்னா, பதில் சொல்லிராத. உம்மா எங்களுக்குச் சொன்ன. அவக்கு அவட உம்மா சொன்ன."

"ஏன்?"

"தெரியா. அதுதான் ஊட்ட உன்ட உம்மாக்கு உட்டுட்டு நான் இஞ்ச வந்தன்."

அடுத்து பாண்டிருப்பில் கதிர்காமன் என்ற வயதான மீனவரிடம் போனாள். கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அவருடைய அப்பா சிறுவனாகக் கரையில் நின்று பார்த்ததைச் சொன்னார்.

"சண்டையில கப்பல் கடலுக்குள்ள தாண்டு போச்சு டீச்சர். ஒராள் தகரப்பெட்டி ஒண்டக் கட்டிப்பிடிச்சிக்கிட்டுக் கரையேறினான். கப்பல்ல வேல செய்யிற ஆள். நம்மட பாஷ தெரியா. சலாம் மட்டும் சொன்னான். போடியார் பதில் சொன்னார். அதக் கேட்டு அவன் அழுதானாம். ரெண்டு பேருமாப் போனாங்க."

"பிறகு?"

"பிறகு அவன ஆரும் காணல்ல. போடியாரத்தான் கண்ட."

அன்று நஸ்லின் மகளிடம் சாச்சி சொன்னதைச் சொன்னாள். அம்ஹா சிரித்தாள்.

"சலாத்துக்குப் பதில் சொல்றது கடம உம்மா. நீங்கதானே படிப்பிச்சித் தந்த."

"இந்த ஊட்டுல இல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

இப்போது அம்ஹா வரும் நேரம். அறையை அளக்க டேப் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். நஸ்லின் கைபேசியை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு நெல்லறைக்குப் போனாள்.

சுனாமியில் இந்த வீட்டின் சுவர்கள் எல்லாம் போயின. நெல்லறை மட்டும் நின்றது. அதைச் சுற்றித்தான் வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். முழங்கை நீளம் கனத்த சுவர். சன்னல் இல்லை. முதிரை மரக் கதவு. கொண்டி வெளியே.

தூக்கினாள். உள்ளே போனாள்.

நெல் மணம் இல்லை. ஈரச் சாறன் துணியின் மணம். உப்பு.

வாசல் வெளிச்சம் தரையில் விழுந்தது. எங்கும் தூசி. நடுவில் மட்டும் இல்லை. அங்கே சுண்ணாம்புத் தரை குழிந்திருந்தது. அருகருகே இரண்டு குழிகள். அவற்றுக்கு முன்னால், சற்று அகன்று, இன்னும் இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று. சிறியது.

விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முழங்கால்கள். உள்ளங்கைகள். நெற்றி.

யாரோ இங்கே தொழுதிருக்கிறார். ஒரு நாள், இரண்டு நாளில் சுண்ணாம்பு இப்படித் தேயாது.

நெற்றிக் குழி கடலைப் பார்த்திருந்தது. தொழும் திசையான கிப்லாவுக்கு முதுகு. சன்னல் இல்லாத அறைக்குள் அடைபட்டுக் கிடந்த கப்பல்காரனுக்குத் திசை தெரியவில்லை. சொல்லிக் கொடுக்கவும் யாரும் வரவில்லை.

குனிந்து நெற்றிக் குழியில் விரல் வைத்தாள்.

ஈரம்.

இந்த வீட்டை அம்ஹாவுக்குக் கொடுக்க முடியாது. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எழுந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. காற்று இல்லை. வெளியே கொண்டி விழுந்தது.

தள்ளினாள். அசையவில்லை. தட்டினாள். கை மரத்தில் பட்டது. சத்தம் வரவில்லை.

இருட்டு கண்ணை ஒட்டி நின்றது.

வெளியே செருப்புச் சத்தம்.

"உம்மா?"

அம்ஹா. கூடத்தில் நஸ்லினின் கைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

"அம்ஹா!" என்று கத்தினாள் நஸ்லின். "மகள், கதவத் திற! நான் உள்ளுக்க!"

செருப்புச் சத்தம் நின்றது.

"அம்ஹா! உம்மாதான்!"

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெல்லிய குரல். கைபேசியில் பேசினாள்.

"வாப்பா, உம்மாட போன் மேசையில கிடக்கு. உம்மாவக் காணல்ல… நெல்லறைக்குள்ள இருந்து ஆரோ சலாம் சொல்ற."

நஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆம்புள குரல் வாப்பா. திரும்பத் திரும்பச் சொல்ற… இல்ல, நான் பதில் சொல்லல்ல. உம்மா சொல்லித் தந்திரிக்கா."

நஸ்லின் கையை எடுத்தாள். மகளின் பெயரைச் சொன்னாள். கத்தாமல், கெஞ்சிச் சொன்னாள்.

வெளியே அம்ஹா அழத் தொடங்கினாள். செருப்பு ஓடியது. முன்கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. கொண்டி தூக்கும் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது.

வெளிச்சம் வரவில்லை.

"இஞ்ச ஒருத்தரும் இல்ல, பாரு," என்றான் கணவன் றிபாஸ். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது குரல். நீட்டினாள். ஒன்றும் இல்லை.

"வாப்பா, தரையில ஈரம்."

"கூரக் கசிவு. வா, சாச்சிட ஊட்ட போய்ப் பாப்பம்."

கொண்டி விழுந்தது.

நஸ்லின் கதவைத் தேடினாள். சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஒரு மூலை. சுவர். இன்னொரு மூலை. சுவர். மூலை. சுவர். மூலை. சுவர்.

மரம் எங்கும் இல்லை.

தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் வழுவழுப்பான குழி ஒன்றில் பதிந்தது. அவளுடைய அளவுக்கு வெட்டியது போல் இருந்தது.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நாலு சுவரிலிருந்தும் சொன்னது. பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பக்கத்தில் ஈரத் துணி சரசரத்தது.

யாரோ ஒருவர், தொழுகைக்கு அவள் நிற்க இடம் விட்டு, சற்றே தள்ளி நின்றார்.