கோடு விழாத தட்டு

மழை விட்ட ஒரு பிற்பகலில் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். கணவன் இறந்த பிறகு அந்தப் பழைய வீட்டில் கால் வைப்பது அதுவே முதல் தடவை. நனைந்த தலையைத் துவட்டத் துண்டு எடுக்கப் பின்னறைக்குப் போனவள், ஜன்னல் சட்டத்தின் அடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

சாம்பல் நிறத்தில், காது மடல் போல, அடுக்கடுக்காக ஒரு மரக்காளான்.

"என்னைப் பாக்க வந்தியா, காளானைப் பாக்க வந்தியா?" என்று தங்கை சிரித்தாள்.

"சும்மா இருடி. ஒரு கத்தி குடு."

மரத்தில் வளரும் காளான்களை இனம் பிரிப்பதுதான் அவள் வேலை. இந்தக் காளானை அவளுக்குத் தெரியும். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, தூரத்து மலைக்காட்டில் அலைந்து எடுத்ததாகச் சொல்லிக் கணவன் கொண்டுவந்து கொடுத்தது. எந்த நூலிலும் இல்லாத புது இனம். அதற்கு அவன் பெயரையே வைத்துக் கட்டுரையும் எழுதி முடித்திருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அவனுக்கென்று உலகத்தில் மிஞ்சப்போவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஆய்வுக்கூடத்தில், அவன் தந்த காளானின் இழையையும் ஜன்னலில் வெட்டியதன் இழையையும் ஒரே கண்ணாடித் தட்டில் எதிரெதிரே வளரவிட்டாள். ஒரே இனமாகவே இருந்தாலும், வேறு வேறு உடல் என்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும், பங்காளிகள் வரப்பு போட்டுக்கொள்வது மாதிரி. ஒரே உடலின் துண்டுகள் என்றால் மட்டும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

கோடு விழட்டும், விழட்டும் என்று தினமும் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

விழவில்லை.

அவன் கொண்டுவந்த காளான் அந்த ஜன்னலில் வெட்டியது. மலைக்கு அவன் போகவே இல்லை.

மறுபடி தங்கை வீட்டு வாசலில் போய் நின்றாள். "மலைக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் அவரு இங்கதான் இருந்தாராடி?"

மறுத்திருந்தால் நம்பக்கூடத் தயாராக இருந்தாள்.

தங்கை அவள் வாயைப் பொத்தினாள். "மெதுவாப் பேசுக்கா," என்று கிசுகிசுத்தாள். "அத்தான் உள்ள இருக்காரு."

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு அப்பால், மரத்தைக் கத்தியால் சுரண்டும் சத்தம்.

சரக்... சரக்...

"எப்பலேருந்து?"

"அடக்கம் பண்ண மறுநாள்லேருந்து. நான் பயந்து செத்தேன்கா, மொதல்ல. இப்பப் பழகிடுச்சு." தங்கை தயங்கினாள். "ஏன், உன்கிட்ட வரலியா?"

இத்தனை மாதமும் கட்டிலில் பாதியை அவனுக்காகக் காலியாக விட்டு, ஒரு காலடிச் சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவள் அவள்.

கதவைத் திறந்தாள்.

சத்தம் நின்றது.

அறையில் யாரும் இல்லை. ஈர மரத்தின் வாடை. அதற்குள் அவன் சவரச் சோப்பின் வாசனை. காளானின் ஓரத்தில் புதிய வெட்டு. வெள்ளையாக, ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நான்தான்."

ஜன்னல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"உங்க பேரைத்தாங்க அதுக்கு வெச்சிருக்கேன்..."

ஜன்னல் திரைகூட அசையவில்லை. கால் கடுக்க நின்று பார்த்தாள். பிறகு வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினாள்.

சரக்...

சரக்...