பாலாற்றில் நின்ற டிராக்டர்

பாலாற்றின் நடு மணலில் டிராக்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பிரதீபா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மாலைக்குள் ஆற்றில் தண்ணீர் வரும் என்று ஊரில் அறிவித்திருந்தார்கள். அதற்குள் அக்கரை வைக்கோலை ஏற்றி வந்துவிடலாம் என்று அவளுடைய நைனா சாலமோன் கிளம்பினார். அவளும் தொற்றிக்கொண்டாள்.

அது நைனாவைவிட வயதான டிராக்டர். டீசலுக்குப் பதில், புதுப்பட்டினம் டீக்கடைகளில் பஜ்ஜி சுட்டு மிஞ்சிய பாமாயில் எண்ணெயில் ஓடியது. தெருவில் போனால் நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வரும்.

"இன்னா ஆச்சு நைனா?"

"குளுரு காத்துல எண்ண உறைஞ்சிபோச்சு. எண்ண வடிகட்டுற பில்டர் அடைச்சிக்கினு கீது."

கரையில் மாடு மேய்த்த பக்தவத்சலம் கத்தினார். "அண்ணாத்த! தண்ணி வந்துகினு கீது! வண்டிய வுட்டுட்டு ஓடியா!"

தூரத்தில் பழுப்பாக ஒரு கோடு நெளிந்தது. புஸ்ஸென்ற இரைச்சல் கேட்டது.

"நீ ஓடும்மா!" என்றார் நைனா.

"நீயும் வா!"

"வண்டிய வுட்டுட்டு எப்பிடி வர்றது? நீ ஓடு!"

அவர் பில்டரை இரண்டு கைகளாலும் பரபரவென்று தேய்த்தார்.

உறைந்த எண்ணெயை இளக்கக் கைச்சூடு போதாது. வேறு சூடு? எஞ்சின் முன்னால் மெல்ல ஆவி பறந்தது.

"நைனா! ரேடியேட்டர்ல சுடுதண்ணி கீதே!"

நைனா ஒரு கணம் விழித்தார். பிறகு பாய்ந்து போய் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திருகினார். அவள் வண்டியில் கிடந்த வாளியை எடுத்துப் பிடித்தாள். காலில் தெறித்துச் சுட்டது, வாளியை விடவில்லை. நைனா கோணிச்சாக்கை அதில் நனைத்துப் பில்டரைச் சுற்றினார். மறுபடி நனைத்தார். மறுபடி சுற்றினார். பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் உறைந்திருந்த வெள்ளைக் கட்டி மெல்ல மஞ்சளாக இளகியது.

ஆற்று நீர் அவள் கணுக்காலைத் தொட்டது.

"ஏறு!"

கர்ர்... கர்ர்... அடங்கிவிட்டது. பிரதீபா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கர்ர்... டப்! டப் டப் டப்!

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது ஆறு.

நைனா இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஓடச் சொன்னேனே, ஏன் ஓடல?"

"நீ மட்டும் ஓடுனியா?"

நைனா அவள் காலில் சுட்ட இடத்தை ஊதிவிட்டார்.

"சரி, அடுத்த தபா ரெண்டு பேருமே ஓடிடலாம்," என்றார்.