தோண்டியவன் வீடு

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து மேற்குக் கடற்கரை வரை காருக்குள் இருந்த இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

யசிந்தாதான் ஓட்டினாள். பக்கத்தில் அவள் கணவன் றொஜிதன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். பின்னால் அவனுடைய தமையன் தாரகன். மன்னாரிலிருந்து வந்து இன்னும் ஒரு மாதம் ஆகாதவன். ஜூன் மாதத்திலும் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றாமல், வயல்வெளியில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தபடி இருந்தான். இருவருக்கும் தகப்பன் ஒருவர், தாய்மார் வேறு.

தகப்பன் குருசுமுத்து வெறுங்கையோடு டென்மார்க் வந்து, உறைமீன் வியாபாரத்தில் யூலாந்துத் தீபகற்பத்தையே வளைத்துப் போட்டவர். ஹேர்னிங் தமிழர்கள் அவரைப் பகிடியாக ‘ராசா’ என்பார்கள். முதல் மனைவியையும் மகனையும் மன்னாரில் விட்டுவிட்டு இங்கே இன்னொரு குடும்பம் நடத்தினார். ஆனாலும் கம்பனி உனக்குத்தான் என்று மூத்தவனுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, தாரகன் படுத்த படுக்கையாகக் கிடந்த தாயை விட்டு அசைய முடியாமல் இருந்தான். செத்தவீட்டுக்குக்கூட அவன் வரவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த கிழமையே றொஜிதன் தகப்பனின் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது தாயும் போய்ச் சேர்ந்த பிறகு தாரகன் வந்திருக்கிறான். வந்தவன் முதலில் கம்பனியைக் கேட்கவில்லை. கல்லறையைத் திறந்து அப்பாவின் உடலைத் தரச் சொன்னான். மன்னாருக்குக் கொண்டுபோய் அம்மாவின் பக்கத்தில் வைக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. வக்கீல் வரைக்கும் போவதற்குள் இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்திப் பேச வைக்க நினைத்தாள் யசிந்தா. ஐந்து வயது மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, வார இறுதிக்கு ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தாள்.

வீடு நாணற்கூரையோடு தனியாக நின்றது. அதன் பின்சுவரிலிருந்தே சதுப்பு நிலம் தொடங்கியது. நாணல், கறுத்த நீர், நடுவே ஆட்கள் நடப்பதற்கு ஒடுக்கமான பலகைப் பாதை. காரை விட்டு இறங்கியதும் யசிந்தா கவனித்தது ஒன்றைத்தான். அவ்வளவு நாணல் இருந்தும் ஒரு பறவைச் சத்தம் இல்லை.

வீட்டுக்காரி கிர்ஸ்டன் சைக்கிளோடு வாசலில் காத்திருந்தாள். எழுபதைத் தாண்டிய, ஒல்லியான டேனிஷ் மனுஷி. வாசற்கதவின் திறப்பைக் கொடுத்தாள். மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று தாரகன், “வீடு எவ்வளவு பழசு எண்டு கேளுங்கோ தங்கச்சி” என்றான். யசிந்தா டேனிஷில் கேட்டாள்.

“வீடு அவ்வளவு பழசில்லை. இந்த இடத்தின் பெயர்தான் பழசு,” என்றாள் கிர்ஸ்டன். “தோண்டியவன் வீடு.”

கேட்டதும் றொஜிதன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

கிர்ஸ்டன் சொன்னதை யசிந்தா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆயிரம் வருடங்களுக்கு முன் டேனிஷ் அரசன் க்னூட் இங்கிலாந்தைப் பிடித்து ஆண்டான். அவன் செத்தபோது இரண்டு மகன்கள், இரண்டு தாய்மாருக்குப் பிறந்தவர்கள். ஹார்டக்னூட் இங்கே டென்மார்க்கில், நோர்வேக்காரன் படையெடுப்பான் என்ற பயத்தில் அசைய முடியாமல் கிடந்தான். அந்த நேரம் பார்த்து ஹரால்ட் இங்கிலாந்துச் சிம்மாசனத்தில் ஏறிவிட்டான். ஹார்டக்னூட் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது ஹரால்ட் ஏற்கெனவே செத்துப் புதைக்கப்பட்டிருந்தான்.

“ஆனாலும் ஹார்டக்னூட்டுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிணத்தைத் தோண்டி எடுத்து, தலையை வெட்டி, சேற்றில் வீசச் சொன்னான்.”

“இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்,” என்றான் றொஜிதன்.

“இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். மிச்சம் எங்கள் ஊர்க்கதை. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. தோண்டிய ஆட்களில் ஒருவன் இந்த இடத்துக்காரனாம். தலையை அங்கே வீச அவனுக்கு மனம் வரவில்லை. சாக்கில் கட்டி இங்கே கொண்டு வந்துவிட்டான் என்பார்கள்.”

“கொண்டு வந்து?” என்று கேட்டாள் யசிந்தா.

கிர்ஸ்டன் சதுப்பின் பக்கம் கையைக் காட்டினாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பவில்லை. பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

தாரகன் மட்டும் கொஞ்ச நேரம் சதுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரவு வெகுநேரம் வரை வெளிச்சம் நிற்கும் அந்தக் கோடை மாலையில், வெயில் இன்னும் உச்சியில் நிற்பது போல அடித்துக்கொண்டிருந்தபோதே, கடலிலிருந்து மூடுபனி வந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகின. வெளிச்சம் குறையவில்லை. ஆனால் காரும் மரமும் சதுப்பும் காணாமல் போயின. யசிந்தா கொண்டு வந்திருந்த புட்டையும் மீன்குழம்பையும் சூடாக்கி மேசையில் வைத்தாள்.

“கதிரையை நீயே வைச்சிரு தம்பி,” என்றான் தாரகன். “எனக்கு அப்பாவைத் தா.”

றொஜிதன் டேனிஷில் பதில் சொன்னான்.

“தமிழில கதை. அப்பாவின்ர பாஷையில சொல்லு.”

“அப்பா இஞ்சதான் கிடப்பார். இஞ்சதான் அவர் வாழ்ந்தவர். உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்?”

தாரகனின் கை மேசையில் அறைந்தது. “நீ விடாட்டி நான் என்ர கையால தோண்டுவன்!”

கதவில் ஏதோ இடித்தது.

ஆள் தட்டுகிற உயரத்தில் இல்லை. கதவின் அடிப்பக்கத்தில், தரையோடு தரையாக.

றொஜிதன் எழுந்து போய்த் திறந்தான். வெள்ளைப் பனி மட்டும் நின்றது. வாசற்படியில், தண்ணீர்க் குடத்தை வைத்து எடுத்தது போல வட்டமாக ஓர் ஈரத்தடம். அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

“நாயா இருக்கும்,” என்றான்.

 யசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், பலகைத் தரையில், இன்னொரு வட்டம் கறுத்து ஊறிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று.

அதற்கும் இந்தப் பக்கம் இன்னொன்று.

அவை மேசையை நோக்கி வந்தன. ஒவ்வொன்றும் ‘தொப்’ என்ற மெல்லிய சத்தத்தோடு. கொண்டு வருகிற கையும் இல்லை, காலும் இல்லை. ஊறிய தோலும் அழுகிய புல்லும் கலந்த வாடை குழம்பின் மணத்தை மூடியது.

கடைசித் தடம் மேசையின் கீழே போனது.

யசிந்தாவின் கணுக்காலில் மூச்சுப் பட்டது.

அவளால் காலை இழுக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கீழேயிருந்து குரல் வந்தது. தொண்டை இல்லாத குரல். வாய்க்குள்ளேயே பிறந்து வாய்க்குள்ளேயே முடிவது.

“க்ராவ்.”

தாரகன் மெல்ல, “என்னவாம்?” என்று கேட்டான்.

டேனிஷில் அந்தச் சொல்லுக்கு ‘தோண்டு’ என்று அர்த்தம். ‘கல்லறை’ என்றும் அர்த்தம். அவள் அதைத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் தாரகன் எழும்பிவிட்டான். கண்கள் எதையும் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து, அவன் பனிக்குள் நடந்தான். தனக்குத் தெரியாத மொழியின் அந்த ஒற்றைச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனான்.

“றொஜி, பிடியுங்கோ அவரை!”

றொஜிதன் அசையவில்லை. “போகட்டும்,” என்றான் டேனிஷில்.

அவன் முகத்தில் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்ததை யசிந்தா கண்டாள். அண்ணன் திரும்பி வராவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற கணக்கு. மேசைக்கடியில் கிடந்ததைவிட அந்த முகத்துக்கு அவள் அதிகம் பயந்தாள். கணவனை விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

பலகைப் பாதை காலுக்குக் கீழே வழுக்கியது. முன்னால் எங்கோ, சேற்றை அள்ளி எறிகிற சத்தம். ஒரு கையளவு, இன்னொரு கையளவு. சத்தம் வந்த பக்கமாக அவள் ஓடினாள்.

தாரகன் பாதையை விட்டு இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்றான். அவன் விரல்களிலிருந்து இரத்தம் வழிந்தது. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே கறுத்த உருண்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான். அது வேர்முடிச்சு என்று யசிந்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மரத்தின் வேர், வேறொன்றுமில்லை.

வேருக்கு நெற்றி இருக்காது.

“அத்தான், அதை விடுங்கோ! மேல வாங்கோ!”

அவள் நீட்டிய கையை அவன் பார்க்கவே இல்லை. இடுப்பிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, சேறு அவனைச் சத்தமில்லாமல் விழுங்கியது. அவன் அணைப்பிலிருந்த உருண்டை மெல்லத் திரும்பியது. திருப்பியது அவன் கைகள் இல்லை.

பலகைகள் அதிர்ந்தன. அவள் குரல் கேட்டு ஓடி வந்த றொஜிதன் யசிந்தாவைத் தாண்டிக் குப்புற விழுந்து, தமையனின் ஜாக்கெட்டை இரண்டு கைகளாலும் பற்றினான்.

“அண்ணை!”

இத்தனை நாளில் அந்தச் சொல் அவன் வாயில் வந்ததில்லை.

“அண்ணை, அதை விடுங்கோ. அப்பாவைக் கொண்டு போங்கோ. கதிரையையும் எடுங்கோ. எல்லாத்தையும் எடுங்கோ. அதை மட்டும் விடுங்கோ அண்ணை!”

தாரகனின் உதடுகள் நின்றன. தூக்கத்திலிருந்து விழிப்பவன்போல் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். பிறகு பிள்ளை அலறுவது போல் அலறி, கைகளை விரித்துவிட்டான். அது நீருக்குள் போனது. வெகுநேரம் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

இரண்டு பேருமாக அவனை இழுத்துப் போட்டார்கள். அவன் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். “நான் ஒருத்தரையும் தோண்டமாட்டன் தம்பி. அப்பா இஞ்சையே கிடக்கட்டும்.”

பெட்டிகளை எடுக்க யாரும் உள்ளே போகவில்லை. சேற்றோடு சேறாகவே காரில் ஏறினார்கள்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அண்ணனும் தம்பியும் கம்பனியைச் சேர்ந்தே நடத்தினார்கள். சகல ஆத்துமாக்களின் திருநாளன்று ஹேர்னிங் கல்லறையில் இருவரும் ஒன்றாக நின்று தகப்பனுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். றொஜிதனின் தாயான மாமியார்கூடத் தாரகனுக்குச் சோறு போட்டாள்.

அந்தக் கிழமைதான் சட்டைகளைத் தோய்க்கப் போட்ட யசிந்தா, றொஜிதனின் கொலருக்கு உள்ளே அதைக் கண்டாள். நூலளவு மெல்லிய பழுப்புக் கோடு, வெட்டுமிடத்தைக் குறித்தது போல, கழுத்தைச் சுற்றி எங்கும் அறாமல் ஓடியது. வியர்வை என்று நினைத்துத் தேய்த்தாள். அடுத்த நாள் சட்டையிலும் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். அன்றைய அதே அழுகிய புல் வாடை. உடனே வாளிக்குள் போட்டுவிட்டுத் தாரகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.



“என்ர சட்டையிலையும் இருக்கு தங்கச்சி,” என்றான் தாரகன். “நீங்கள் பயப்பிடுவீங்கள் எண்டு நான் சொல்லேல்லை.”

இருவர் கழுத்திலும் காயமோ தடிப்போ எதுவும் இல்லை என்றார் டாக்டர். பங்குச் சுவாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அதன் பின் இரண்டு பேரின் சட்டைகளும் சுத்தமாயின. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. யசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், உடுப்பு மாற்ற மகனைக் கூப்பிட்டாள். அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தலைவழியாக உருவி, மடிப்பதற்காக விரித்துப் பிடித்தாள்.

சட்டைக் கழுத்தின் உட்பக்கத்தைச் சுற்றி அந்தப் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. விரலால் தொட்டாள். இன்னும் ஈரமாக இருந்தது.